பழைய பிக்கப்பில் பவர் ஆன்டெனா: ஏறுவது வேறு, கேட்பது வேறு

“ஆன்டெனா ஜம்முன்னு ஏறுது மச்சான். ஆனா ரேடியோல ஒரு ஸ்டேஷனும் வரல. ஒரே இரைச்சல்.”

ஹூஸ்டனில் இருக்கும் நண்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் போட்டுச் சொன்னது இது. அவனிடம் 1984ஆம் வருடத்து ஷெவர்லே சி-10 பிக்கப் ஒன்று இருக்கிறது. 1973 முதல் 1987 வரை வந்த இந்த வண்டிகள் தகரப் பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரி சதுரமாக இருக்கும். அமெரிக்காவில் செல்லமாக ‘ஸ்கொயர்பாடி’ என்பார்கள். காலையில் ஆரம்பித்து மட்கார்டில் ஓட்டை போட்டு, மோட்டார் மாட்டி, ஒயர் இழுத்து, ரேடியோவைப் போட்டதும் கம்பி ‘உய்ங்’ என்று எழுந்து நின்றிருக்கிறது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியும் ஆயிற்று. அப்புறம்தான் கவனித்திருக்கிறான், முன்பு கொஞ்ச நஞ்சம் வந்துகொண்டிருந்த ஸ்டேஷன்கூட இப்போது வரவில்லை.

அவன் எங்கே கோட்டை விட்டான் என்பதைச் சொல்வதற்கு முன்னால், பவர் ஆன்டெனா என்பது என்ன என்று பார்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சாமான். உள்ளே அது ஒரே கூட்டில் குடித்தனம் நடத்தும் இரண்டு சாமான்கள். ஒன்று, காற்றில் வரும் அலையைப் பிடிக்கும் கம்பி. அதற்கு பேட்டரியே வேண்டாம். இன்னொன்று, அந்தக் கம்பியை ஏற்றி இறக்கும் மோட்டார். அதற்கு ரேடியோ அலையைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மோட்டார் ஓடுகிறது என்பதற்காகக் கம்பி கேட்கிறது என்று அர்த்தமில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

சரி, இந்த வண்டிக்கு எதற்குப் புதிதாக ஆன்டெனா? ஸ்கொயர்பாடிகளில் ரேடியோவுக்கான ஆன்டெனா முன் கண்ணாடிக்குள்ளேயே வந்தது. கண்ணாடியின் நடுவில் உற்றுப் பார்த்தால் மயிரிழை மாதிரி கம்பி மேலே போவது தெரியும். பார்க்க லட்சணம், கார் கழுவும் இடத்தில் ஒடியாது, திருடவும் முடியாது. ஆனால் காது மந்தம். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது, நெடுஞ்சாலையில் ஊரைத் தாண்டி முப்பது மைல் போனதும் தெரிந்துவிடும். கண்ணாடி ஒருமுறை மாற்றப்பட்டிருந்தால், மாற்றியவர்கள் கம்பி இல்லாத கண்ணாடியைப் போட்டுவிட்டுப் போயிருக்கவும் கூடும். அப்படி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. ரேடியோவைக் குறை சொல்வதற்கு முன் கண்ணாடியில் கம்பி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நிலையான கம்பி ஆன்டெனா ஒன்றை மட்கார்டில் மாட்டினாலே கேட்பது நன்றாகிவிடும். உண்மையைச் சொன்னால், கேட்பதற்கு மட்டும் என்றால் அதுவே போதும். விலையும் குறைவு, கெட்டுப்போக மோட்டாரும் இல்லை. ஏற்றி இறக்கும் வகையை வாங்குவது மரக்கிளை, கார் வாஷ் பிரஷ், தாழ்வான ஷெட், கை சும்மா இருக்காத பையன்கள் இவற்றிலிருந்து கம்பியைக் காப்பாற்ற. அப்புறம் அந்த ‘உய்ங்’ சத்தத்துக்காகவும்தான். இந்த ஆசை புதிதல்ல. 1940களிலேயே எஞ்சினின் வெற்றிட இழுப்பைக் கொண்டு ஆன்டெனாவை ஏற்றி இறக்கிய அமெரிக்கக் கார்கள் இருந்தன.

கம்பியின் நீளத்துக்கு ஒரு கணக்கு

மட்கார்டில் நிற்கும் கம்பி ஏன் ஏறக்குறைய எல்லா வண்டியிலும் முக்கால் மீட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது? எஃப்எம் ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 100 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டால் ஓர் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். கால் அலை நீளமுள்ள கம்பி, அடியில் அகலமான உலோகப் பரப்பு இருந்தால், அந்த அலையை அருமையாகப் பிடிக்கும். நீர்நிலையின் ஓரத்தில் நிற்கும் தென்னை தண்ணீரில் தலைகீழாகத் தெரிகிறதே, அந்த மாதிரி வண்டியின் தகரம் கம்பிக்கு இன்னொரு பாதியைக் கொடுக்கிறது. அந்தத் தகரத்தோடு தொடர்பு இல்லையென்றால் பாதி ஆன்டெனா போயிற்று.

ஏஎம் கதை வேறு. 1000 கிலோஹெர்ட்ஸில் அலையின் நீளம் 300 மீட்டர். கால் பங்கென்றால் 75 மீட்டர் கம்பி வேண்டும். கோபுரம்தான் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் நம் வீடுகளில் மர்ஃபி ரேடியோவுக்காகச் சுவருக்குச் சுவர் செப்புக் கம்பி வலையை இழுத்துக் கட்டியது நினைவிருக்கும். ஏரியல் என்பார்கள். எவ்வளவு நீளமாகக் கட்ட முடியுமோ அவ்வளவு லாபம். பிக்கப்பில் அதற்கு இடமில்லை, அதனால் முக்கால் மீட்டர் கம்பி ஏஎம் அலையிலிருந்து துளித் துளியாகத்தான் சேகரிக்கிறது.

அந்தத் துளியைச் சிந்தாமல் ரேடியோவுக்குக் கொண்டுபோவதில்தான் கேபிளின் வேலை இருக்கிறது. கார் ஆன்டெனா கேபிளை வெட்டிப் பார்த்தால் நடுக்கம்பி நூல் மாதிரி இருக்கும், அதைச் சுற்றி நிறையக் காலி இடம் இருக்கும். சிக்கனத்துக்காகச் செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஆன்டெனாவின் மின்தேக்குத் திறன் மிகச் சிறியது. சின்னக் கிண்ணத்துத் தண்ணீரை அண்டாவில் ஊற்றினால் மட்டம் எவ்வளவு ஏறும்? கேபிளின் மின்தேக்குத் திறன் பெரிதாக இருந்தால் அது அண்டா. கார் கேபிள் அதனால்தான் மெலிந்த நடுக்கம்பியோடு செய்யப்படுகிறது. நீளம் பற்றவில்லை என்று வீட்டில் கிடக்கும் டிவி கேபிளை வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு எஃப்எம் ஒழுங்காக வரும், ஏஎம் மட்டும் சோகை பிடித்துப் போகும். நீளம் வேண்டுமென்றால் கார் ஆன்டெனாவுக்கென்றே விற்கும் நீட்டிப்புக் கேபிளை வாங்குங்கள். அதன் முனையில் இருக்கும் உருண்டைப் பிளக்குக்கு மோட்டோரோலா பிளக் என்றே பெயர். 1930இல் மோட்டோரோலா என்ற பெயரே கார் ரேடியோவுக்காகத்தான் வந்தது.

பழைய ஒரிஜினல் ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். இரண்டு குமிழ் வைத்த அந்த ரேடியோக்களில் டயல் குமிழுக்குப் பின்னாலோ ஆன்டெனா சொருகும் துளைக்குப் பக்கத்திலோ ஒரு குட்டித் திருகு இருக்கும். ஆன்டெனா ட்ரிம்மர் என்று பெயர். புது ஆன்டெனா போட்டதும் ஏஎம்மில் 1400 பக்கம் போய், தேய்ந்து வரும் ஒரு ஸ்டேஷனைப் பிடித்து, இந்தத் திருகை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிச் சத்தம் அதிகமாகக் கேட்கும் இடத்தில் விட வேண்டும். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஆன்டெனா மட்டம் என்று திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

எர்த்

இப்போது நண்பனிடம் வருவோம். “மல்டிமீட்டர் இருக்கா?” என்றேன். இருந்தது. ரேடியோவிலிருந்து ஆன்டெனா பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அளவு எடுக்கச் சொன்னேன்.

முதலில் பிளக்கின் நுனியிலிருந்து வெளியே நிற்கும் கம்பிக்கு. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். வந்தது. அடுத்து நுனிக்கும் பிளக்கின் வெளிச்சட்டைக்கும் நடுவில். தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், அல்லது தண்ணீர் போயிருக்கிறது. அதுவும் சரியாக இருந்தது. மூன்றாவது, வெளிச்சட்டையிலிருந்து வண்டியின் பாடிக்கு. இதுவும் பூஜ்ஜியத்தை ஒட்டி வந்திருக்க வேண்டும். மீட்டர் அசையவே இல்லை என்றான்.

விஷயம் அவ்வளவுதான். கேபிளின் வெளிச்சட்டைக்கும் வண்டியின் தகரத்துக்கும் தொடர்பு இல்லை, அதாவது எர்த் இல்லை. நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் எந்த வண்டி வந்தாலும் முதலில் கேட்கும் கேள்வி “எர்த் சரியா இருக்கா?” என்பது. ஆன்டெனாவின் அடிப்பாகத்தில், மட்கார்டுக்குக் கீழ்ப்பக்கம் வந்து அமரும் வளையத்தில் பற்கள் மாதிரி வெட்டியிருப்பார்கள். மேலேயிருந்து நட்டை இறுக்கும்போது அந்தப் பற்கள் தகரத்தைக் கடித்துப் பிடிக்க வேண்டும். பழைய வண்டிகளில் அடிப்பக்கம் பெயின்ட், அதற்கு மேல் துருத் தடுப்புக் கருப்புப் பூச்சு, அதற்கு மேல் நாற்பது வருடச் சேறு. பற்கள் பெயின்டைக் கடித்துக்கொண்டு நின்றால் தகரத்துக்கு எப்படித் தொடர்பு கிடைக்கும்? நண்பன் நட்டைக் கழற்றி, ஓட்டையைச் சுற்றி அடிப்பக்கம் ஒரு நாணயத்தின் அகலத்துக்கு உப்புக் காகிதம் போட்டுத் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து மறுபடி இறுக்கினான். அன்று ராத்திரி ஃபோர்ட் வொர்த்திலிருந்து வரும் 820 டபிள்யூபிஏபி தெளிவாகக் கேட்டதாம். அது 50,000 வாட் ஸ்டேஷன், இருட்டியபின் ஏஎம் அலை வானத்தில் பட்டுத் திரும்பி வெகு தூரம் போகும், ஆகவே இதில் ஆன்டெனாவுக்கு மட்டும் முழு மார்க் போட முடியாது. ஆனாலும் காலையில் இரைச்சலாக இருந்த வண்டி அது.

இதோடு நிற்காத சந்தர்ப்பமும் உண்டு. ஸ்கொயர்பாடியின் முன் மட்கார்டு வெல்டு செய்யப்பட்டதல்ல, போல்ட் போட்டு மாட்டியது. கேபினோ சேஸியின்மேல் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டுகள் துருப்பிடித்தாலோ, வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து மட்கார்டை மறுபடி மாட்டியிருந்தாலோ, மட்கார்டே தனித் தீவாக நிற்கலாம். பற்கள் தகரத்தை ஒழுங்காகக் கடித்தும் எர்த் வரவில்லையென்றால், ஆன்டெனாவின் அடி வளையத்திலிருந்து ஃபயர்வாலுக்கு, அதாவது எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் இரும்புச் சுவருக்கு, ஒரு பட்டையான எர்த் கம்பி இழுத்துவிடுங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் கம்பெனி போட்ட எர்த் பட்டை இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சினைக் கழற்றி மாட்டியவர்கள் அதை மறந்துவிடுவது சகஜம்.

தேய்த்த இடத்தை அப்படியே விட்டால் துருப்பிடிக்கும். நட்டை இறுக்கிய பிறகு சுற்றிலும் கொஞ்சம் கிரீஸ் பூசிவிட்டால் போதும். இறுக்குவதற்கு முன்னால் பெயின்ட் அடிக்காதீர்கள், பட்ட பாடெல்லாம் வீண்.

ஓட்டை போடும் முன்

ஓட்டை போடுவது திரும்பப் பெற முடியாத வேலை. அதனால் டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் வெறுமனே பார்க்க வேண்டும். பவர் ஆன்டெனாவின் பெரிய பங்கு மட்கார்டுக்குக் கீழேதான் இருக்கிறது. கம்பி ஒளிந்துகொள்ளும் குழாய் கிட்டத்தட்ட ஒரு அடிக்கு மேல் கீழே இறங்கும், அதன் பக்கவாட்டில் மோட்டாரும் நைலான் கயிறு சுருளும் வட்டப் பெட்டியும் ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு மட்கார்டுக்கும் உள் தகரத்துக்கும் நடுவில் இடம் வேண்டும்.

நான் செய்தது இது. காலண்டர் சுருட்டி வரும் அட்டைக் குழாயை ஆன்டெனாக் குழாயின் நீளத்துக்கு வெட்டி, மோட்டார் வரும் இடத்தில் பழைய தீப்பெட்டிகளை டேப் போட்டு ஒட்டி, ஒரு பொம்மை ஆன்டெனா செய்துகொண்டேன். அதை அடியிலிருந்து நுழைத்துப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்பது தெரிந்துவிடும். பானெட்டை மூடிப் பாருங்கள், கதவை முழுக்கத் திறந்து பாருங்கள், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். டயர் பள்ளத்தில் விழுந்து மேலே எழும்பும்போது எவ்வளவு தூரம் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பெரும்பாலும் டிரைவருக்கு எதிர்ப்பக்கம், மட்கார்டின் பின் மூலையில், முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் இடம் அமையும். கேபிளும் ரேடியோவுக்குச் சுருக்கமாகப் போய்ச் சேரும்.

ஓட்டையின் அளவு ஆன்டெனாவோடு வரும் அட்டையில் இருக்கும். 22 மில்லிமீட்டர் விட்டம் என்று பல பெட்டிகளில் பார்த்திருக்கிறேன், ஆனால் உங்கள் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. மட்கார்டின்மேல் மாஸ்கிங் டேப் இரண்டு வரிசை ஒட்டி அதன்மேல் குறி போட்டு, சென்டர் பஞ்ச்சால் ஒரு தட்டு. அந்தக் குழி இல்லாவிட்டால் டிரில் பிட் பெயின்டின்மேல் சறுக்கிக்கொண்டு போய்க் கோலம் போட்டுவிடும். முதலில் 3 மில்லிமீட்டர் பிட், அப்புறம் படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட். கடைசி ஒரு மில்லிமீட்டரை அரத்தால் ராவி எடுப்பது நல்லது. ஓட்டையின் வெட்டு விளிம்புக்கு மட்டும் ப்ரைமர் தொட்டு வையுங்கள். இரும்புத் தூளை ஒன்றுவிடாமல் துடைத்து எடுங்கள், பெயின்டின்மேல் கிடந்தால் ஒரு மழைக்குள் காவிப் புள்ளி விழும்.

மோட்டாரின் அடிப்பக்கத்தில் ஒரு குட்டி ரப்பர் குழாய் இருக்கும். மழைத் தண்ணீர் கம்பி வழியாக உள்ளே இறங்கத்தான் செய்யும், அது வடியும் வழி அது. அந்தக் குழாய் கீழ்நோக்கி, மடங்காமல் இருக்க வேண்டும். மேல்நோக்கியோ மண் அடைத்தோ இருந்தால் மோட்டார் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கும். மோட்டாரின் அடியை ஒரு பட்டை போட்டு உள் தகரத்தோடு கட்ட மறக்காதீர்கள். மேலே ஒரே நட்டில் தொங்கவிட்டால் பிக்கப் குலுங்கும் குலுக்கலுக்கு மட்கார்டின் தகரம் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும்.

மூன்று ஒயர்

மோட்டார் பக்கம் இரண்டு வகை. ஸ்விட்ச் வகையில் டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். மேலே அழுத்திப் பிடித்தால் ஏறும், கீழே அழுத்தினால் இறங்கும், கையை எடுத்தால் நடுவில் வந்து நின்றுவிடும். மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினால் சுற்றும் திசை மாறுகிறது, வேறு வித்தை ஒன்றும் இல்லை.

தானியங்கி வகையில் ரேடியோ போட்டால் தானே ஏறும், அணைத்தால் தானே இறங்கும். அதில் மூன்று ஒயர். ஒன்று எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டியது, பெரும்பாலும் சிவப்பு. ஒன்று எர்த், கருப்பு. மூன்றாவது ரேடியோவிலிருந்து வரும் சிக்னல். இந்தச் சிக்னலில் 12 வோல்ட் வந்தால் ‘ஏறு’ என்று அர்த்தம், போனால் ‘இறங்கு’ என்று அர்த்தம்.

இதில் புதியவர்கள் குழம்பும் இடம் சிவப்பு ஒயர். ரேடியோ சாவி போட்டால்தானே ஓடுகிறது, சிவப்பையும் அதே சாவி லைனில் கொடுத்தால் என்ன? கொஞ்சம் யோசித்தால் தெரியும். கம்பி இறங்க வேண்டியது நீங்கள் அணைத்த *பிறகு*. அந்த நேரத்தில் சாவி லைனில் கரன்ட் கிடையாது. மோட்டார் எதை வைத்து இறக்கும்? முதல்முறை நான் மாட்டியபோது இப்படித்தான் செய்தேன். சாவியை எடுத்தேன், கம்பி அப்படியே நின்றது. மறுநாள் காலையில் அபார்ட்மென்ட் ஷெட்டுக்குள் வண்டியை விடும்போது ‘டங்’ என்றொரு சத்தம். அந்தக் கம்பி இன்னும் வீட்டில் கொக்கி மாதிரி வளைந்து கிடக்கிறது. பரண் தூசி தட்ட உதவுகிறது.

ஆக, சிவப்பு நேராக பேட்டரியிலிருந்து. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் பியூஸ். ஒயரை மோட்டார் பக்கத்தில் பியூஸ் போட்டுக் காப்பாற்ற முடியாது. நடுவில் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் எரியப்போவது பேட்டரிக்கும் உரசிய இடத்துக்கும் நடுவில் இருக்கும் ஒயர்தான். தகரத்தில் துளை வழியாக ஒயர் போகும் இடத்தில் எல்லாம் ரப்பர் வளையம் கட்டாயம்.

சிக்னலுக்கு வருவோம். புது ரேடியோ போட்டிருந்தால் அதன் பின்னால் நீல ஒயர் ஒன்றும், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஒன்றும் வரலாம். நீலம் பவர் ஆன்டெனாவுக்கு. வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்ளிஃபயரை எழுப்புவதற்கு. பல ரேடியோக்களில் நீலத்தில் எஃப்எம் ஏஎம் கேட்கும்போது மட்டும் கரன்ட் வரும், சிடியோ யூஎஸ்பியோ போட்டால் கம்பி தானே இறங்கிவிடும். கோடு போட்டதில் இணைத்தால் ரேடியோ ஓடும் வரை கம்பி நிற்கும். எது வேண்டுமோ அது உங்கள் இஷ்டம். ஆனால் ஒன்று, இந்த ஒயர் சொல்வது உத்தரவு மட்டுமே. இதிலிருந்து அரை ஆம்பியர் எடுப்பதே அதிகம். மோட்டாரோ ஓடும்போது சில ஆம்பியர் இழுக்கும், கம்பி சிக்கிக்கொண்டால் இன்னும் அதிகம். மோட்டாரையே நேராக நீல ஒயரில் மாட்டினால் ரேடியோவின் அந்த வெளியீடு கருகிப் போகும். அதை ரிப்பேர் பண்ணுவதைவிட ரேடியோவை மாற்றுவது சுலபம்.

ஒரிஜினல் இரண்டு குமிழ் ரேடியோவையே வைத்திருந்தால் இந்தச் சிக்னல் ஒயர் இல்லாமல் இருக்கலாம். அப்போது சாவியை ஆக்சஸரி நிலைக்குத் திருப்பினால் கரன்ட் வரும் லைன் ஒன்றை பியூஸ் பெட்டியிலிருந்து எடுத்து, நடுவில் சின்ன ஸ்விட்ச் வைத்து, அதைச் சிக்னலாகக் கொடுக்கலாம். டயல் விளக்கு ஒயரில் மட்டும் கை வைக்காதீர்கள். அது ஹெட்லைட் ஸ்விட்சிலிருந்து வருவது, பகலில் செத்திருக்கும், ராத்திரியில் வெளிச்சத்தைக் குறைத்தால் வோல்டேஜும் குறையும். என்னைக் கேட்டால், பழைய ரேடியோவைப் பழைய ரேடியோவாகவே வைத்திருப்பவர் ஸ்விட்ச் வகை ஆன்டெனாவையே வாங்கலாம். கையால் அழுத்தி ஏற்றுவது அந்த வண்டிக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது, கெட்டுப்போக எலக்ட்ரானிக்ஸும் இல்லை.

இன்னும் பழைய வண்டி என்றால் வேறு ஒரு கண்ணி இருக்கிறது. ஃபோர்டு பிக்கப்புகளில் 1955 வரை 6 வோல்ட் பேட்டரி, அதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடிக்குப் போகும். 1956இல்தான் 12 வோல்ட்டுக்கும் நெகட்டிவ் எர்த்துக்கும் மாறினார்கள். ஷெவர்லே லாரிகள் 1955இன் நடுவில் 12 வோல்ட்டுக்கு மாறின. இப்போது விற்கும் பவர் ஆன்டெனா எல்லாம் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். அந்த வண்டிகளில் இதை அப்படியே மாட்ட முடியாது. வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்களா என்று பேட்டரியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த முனை பாடிக்குப் போகிறது என்பதையும் கண்ணால் பாருங்கள்.

எல்லா ஒயரையும் மாட்டிவிட்டு, மட்கார்டுக்குள் ஏற்றுவதற்கு முன் வெளியிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆன்டெனாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஏற்றி இறக்குங்கள். மட்கார்டுக்குள் மாட்டி, பட்டை கட்டி, உள் தகரத்தை மூடிய பிறகு ஒயர் மாறியிருப்பது தெரிந்தால் வரும் கோபம் இருக்கிறதே!

எஞ்சினோடு சேர்ந்து பாடினால்

ஸ்டேஷன் வருகிறது, ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடவே ‘ங்ஙீ’ என்று ஒரு சத்தமும் ஏறுகிறது என்றால் அது ஆல்டர்னேட்டர். ‘டக் டக் டக்’ என்று எஞ்சின் வேகத்துக்கு ஏற்பப் பொரிந்தால் ஸ்பார்க் பிளக் பக்கத்துச் சமாச்சாரம். ஏஎம்மில்தான் இது அதிகம் கேட்கும். எஞ்சினை ஓடவிட்டபடியே ஆன்டெனா பிளக்கை ரேடியோவிலிருந்து உருவிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது ஆன்டெனா வழியாக வருகிறது. நிற்கவில்லையென்றால் ரேடியோவின் பவர் ஒயர் வழியாக.

ஆன்டெனா வழியாக வந்தால், மறுபடி எர்த்துக்கே போங்கள். கேபிளின் வெளிச்சட்டை பாடியோடு ஒழுங்காகச் சேரவில்லையென்றால் அந்தச் சட்டையே எஞ்சினின் பொறிச் சத்தத்தை எல்லாம் வாங்கி உள்ளே விடும். பானெட்டையும் கவனியுங்கள். பெயின்ட் பூசிய கீல்களில் நிற்கும் பானெட் எர்த் இல்லாமல் எஞ்சினுக்கு மேலே மூடி மாதிரி கிடந்தால், அதுவும் இரைச்சலைப் பரப்பும். அங்கே ஒரு பின்னிய எர்த் பட்டை போட்டால் வித்தியாசம் தெரியும். ஸ்பார்க் பிளக் ஒயர்களில் ரேசிங் வகைச் செப்புக் கம்பியைப் போட்டிருந்தால் ரேடியோவை மறந்துவிடலாம். ரெசிஸ்டன்ஸ் உள்ள ஒயருக்கு மாற்றுவதே வழி.

நைலான் கயிறு

கம்பி எப்படி ஏறுகிறது என்பதைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கெட்டுப்போவது அதுதான். குடைக் காம்பு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள். நடுவில் இருக்கும் மெல்லிய கம்பியின் அடியில் ஒரு நைலான் கயிறு கோத்திருக்கும். கயிறு என்றாலும் விறைப்பானது, ஒரு பக்கம் முழுக்கப் பற்கள். மோட்டாரின் பல்சக்கரம் அந்தப் பற்களைத் தள்ளும்போது கயிறு மேலே போகிறது, மெல்லிய கம்பி முதலில் எழுந்து, தன்னைச் சுற்றியுள்ள குழாய்களை ஒவ்வொன்றாகக் கூட இழுத்துக்கொண்டு போகிறது. இறங்கும்போது கயிறு வட்டப் பெட்டிக்குள் சுருண்டுகொள்ளும். உச்சியைத் தொட்டதும் ‘ட்ர்ர்’ என்று ஒரு வழுக்கல் சத்தம் வருவது பல ஆன்டெனாக்களில் சாதாரணம். அது கிளட்ச் நழுவும் சத்தம்.

மோட்டார் ஓடுகிறது, கம்பி நகரவில்லை என்றால் நைலான் பற்கள் போய்விட்டன என்று அர்த்தம். அநேகமாக அழுக்கோ பனியோதான் காரணம். வட மாநிலங்களில் குளிர்காலக் காலையில் கம்பியைச் சுற்றி ஐஸ் கட்டியிருக்கும்போது ரேடியோவைப் போட்டால் மோட்டார் தள்ளும், கம்பி அசையாது, நைலான்தான் தேய்ந்து தோற்கும். கம்பியை ஏற்றி வைத்து மாதம் ஒருமுறை துணியால் துடையுங்கள். தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு போட்டு, உடனே காய்ந்த துணியால் வழித்துவிடலாம். கிரீஸ் வேண்டவே வேண்டாம், புழுதியைப் பிடித்துப் பிசின் ஆக்கிவிடும்.

பற்கள் போய்விட்டால் முழு ஆன்டெனாவையும் மாற்றத் தேவையில்லை. கம்பியும் நைலான் கயிறும் சேர்ந்து தனியாகக் கிடைக்கும். மட்கார்டின்மேல் இருக்கும் நட்டை மட்டும் கழற்றிவிட்டு ரேடியோவைப் போட்டால் பழைய கம்பி தானே வெளியே வரும், கொஞ்சம் கையாலும் இழுக்க வேண்டியிருக்கும். கயிறு உள்ளே அறுந்து துண்டாகக் கிடக்கிறதா என்று வெளியே வந்ததன் நீளத்தைப் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துண்டு உள்ளே இருந்தால் வட்டப் பெட்டியைத் திறந்துதான் எடுக்க வேண்டும். புதுக் கயிற்றை, பற்கள் மோட்டார் பக்கம் பார்க்கும்படி, பல்சக்கரத்தில் தட்டுப்படும் வரை உள்ளே விடுங்கள். இப்போது வண்டிக்குள் ஒருவரை உட்காரவைத்து ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள். கயிறு கையிலிருந்து மெல்ல நழுவி உள்ளே போகும். போகவில்லையென்றால் பற்கள் மாறிப் பார்க்கின்றன, அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி. கம்பியை நேராகப் பிடித்து வழிவிட்டுக்கொண்டே வந்து, முழுக்க இறங்கியதும் நட்டைத் திருகி இறுக்குங்கள். ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தபின் இன்னொரு கால் சுற்று.